ஏழு 'ஸ்பயர்'களும் ஒரே மூச்சும்

ஜி.ஆர்.ஈ., வங்கித் தேர்வு, ஏதோ ஒரு நுழைவுத் தேர்வு... எதற்குப் படிக்க உட்கார்ந்தாலும் முதலில் கைக்கு வந்து சேர்வது ஓர் ஆங்கிலச் சொற்பட்டியல்தான். அகர வரிசையில் ஆயிரம், இரண்டாயிரம், மூவாயிரம் சொற்கள். முதல் வாரம் 'ஏ' எழுத்து. அங்கே 'அஸ்பயர்': பெரிதாக ஒன்றை அடைய ஆசைப்படு. பத்து நாள் கழித்து 'சி'. அங்கே 'கன்ஸ்பயர்': சதி செய். பிறகு 'எக்ஸ்பயர்': காலாவதி ஆகு. 'இன்ஸ்பயர்': ஊக்கம் கொடு. 'பர்ஸ்பயர்': வியர்வை விடு. 'ரெஸ்பயர்': சுவாசி. கடைசியில், பாதிப் பேர் பட்டியலைப் பரணில் தூக்கிப் போட்ட பிறகு, 'டி' எழுத்தில் 'டிரான்ஸ்பயர்': நிகழ். ஏழு சொல், ஏழு பொருள், ஏழு தடவை உருப்போடுதல். தேர்வு முடிந்த மறுநாள் ஏழும் காற்றோடு போய்விடும்.

இந்த ஏழும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். பழைய தமிழ்ப் படங்களில் திருவிழாக் கூட்டத்தில் அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போவார்களே, அதைத்தான் அகர வரிசை இவர்களுக்குச் செய்திருக்கிறது. இத்தனைக்கும் 'ஸ்பயர்' என்கிற குடும்பப் பாட்டை ஒவ்வொருவரும் உரக்கப் பாடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். பட்டியலை வைத்துப் படிப்பவர் காதில்தான் அது விழுவதில்லை.

தாயின் பெயர் 'ஸ்பிராரே'. லத்தீன் மொழியில் 'மூச்சு விடு' என்று பொருள். முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டுதான் மூச்சு எந்தப் பக்கம் போகிறது என்று சொல்கிறது. 'இன்' என்றால் உள்ளே. 'எக்ஸ்' என்றால் வெளியே. 'கன்' என்றால் சேர்ந்து. 'பர்' என்றால் ஊடே. 'ரெ' என்றால் மறுபடி மறுபடி. 'டிரான்ஸ்' என்றால் கடந்து. 'அஸ்பயர்' சொல்லில் இருப்பது 'அட்', அதாவது ஒன்றை நோக்கி. ஒரு துண்டையும் ஏழு திசையையும் தெரிந்துகொண்டால் ஏழு சொல்லும் கையில். ('எக்ஸ்பயர்' என்பதில் 'ஸ்' எங்கே காணோம் என்று சிலர் கேட்பார்கள். எக்ஸ் எழுத்தின் ஒலியிலேயே ஒரு 'ஸ்' இருப்பதால் அடுத்த 'ஸ்' அதற்குள் கரைந்துவிட்டது, அவ்வளவுதான்.)

மூச்சுக்கும் ஊக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? பழைய கிரேக்கக் கவிஞர் ஹீசியட், கலைத் தெய்வங்கள் தனக்குள் ஒரு தெய்வக் குரலை ஊதியதாகப் பாடியிருக்கிறார். கவிதை உள்ளேயிருந்து கிளம்புவதில்லை, வெளியேயிருந்து யாரோ உள்ளே ஊதுகிறார்கள் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. லத்தீன் பைபிளில், கடவுள் மண்ணால் செய்த மனிதனின் முகத்தில் உயிர்மூச்சை ஊதும் இடத்தில் வரும் வினையும் 'இன்ஸ்பயர்' சொல்லின் மூலம்தான். இன்றைக்கு மேடைக்கு மேடை 'இன்ஸ்பிரேஷன்' என்று முழங்குகிறார்கள். ஆனால் அந்தச் சொல்லை அதன் நேர்ப்பொருளில் நாள் தவறாமல் பயன்படுத்துகிறவர் மருத்துவர் மட்டும்தான். அவருக்கு இன்ஸ்பிரேஷன் என்றால் நோயாளி மூச்சை உள்ளே இழுப்பது. ஊக்கமாவது ஒன்றாவது!

'எக்ஸ்பயர்' விஷயத்தில் ஓர் அநியாயம் நடக்கிறது. "அவங்க தாத்தா போன வாரம் எக்ஸ்பயர் ஆயிட்டார்" என்று யாராவது சொன்னால், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர் என்று பெயரெடுத்த ஒருவர் உடனே சிரிப்பார். "தாத்தா என்ன மாத்திரை அட்டையா, பால் பாக்கெட்டா?" ஆனால் சிரிக்கப்பட வேண்டியவர் சிரிக்கிறவர்தான். மூச்சை வெளியே விட்டுவிடுவது, அதாவது இறப்பது, என்ற பொருள் லத்தீனிலேயே அந்தச் சொல்லுக்கு உண்டு. மாற்கு எழுதிய நற்செய்தியின் லத்தீன் மொழிபெயர்ப்பில் இயேசு சிலுவையில் உயிர்விடும் இடத்தில் இருப்பது இதே வினைதான். பால் பாக்கெட்டுதான் மனிதனிடமிருந்து அந்தச் சொல்லைக் கடன் வாங்கியிருக்கிறது; தாத்தா பாக்கெட்டிடமிருந்து வாங்கவில்லை. இன்றைய ஆங்கிலேயர் பேச்சில் இது பழைய வாடை அடிக்கும் என்று வேண்டுமானால் சொல்லலாம். பிழை என்று சொல்ல முடியாது.

'கன்ஸ்பயர்' என்றதும் இருட்டு அறையில் தலைகளை ஒட்டவைத்துக்கொண்டு, ஒருவர் மூச்சு மற்றவர் மேல் படக் குசுகுசுக்கிற கும்பல்தான் கண்ணில் தெரியும். நல்ல படம்தான், மறக்காது. ஆனால் லத்தீனில் அது சதியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நல்லதற்காக ஒன்றுபடுவதற்கும் இதையே சொன்னார்கள். சட்டம் இன்னும் அந்த மூலத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தில் 1913-இல் சேர்க்கப்பட்டு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 61-ஆம் பிரிவாக இருக்கும் கூட்டுச்சதிக் குற்றத்தின் அடிப்படை, இரண்டு பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் 'உடன்படுவது'. சேர்ந்து மூச்சு விட்டாலே மாட்டிக்கொள்ளலாம்.

வியர்வைக்கு மூச்சு எப்படி வந்தது? தோல் வழியாகவும் உடம்பு மூச்சு விடுகிறது என்று ஒரு காலத்து மருத்துவர்கள் நினைத்தார்கள். இத்தாலியின் சாந்தோரியோ என்ற மருத்துவர் ஒரு தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதிலேயே உட்கார்ந்து சாப்பிட்டு, தன் எடையையும் உண்டதையும் வெளியேற்றியதையும் பல ஆண்டுகள் நிறுத்துப் பார்த்தார். கணக்கு உதைத்தது. உள்ளே போனதை விட, கண்ணுக்குத் தெரிந்து வெளியே வந்தது குறைவு. மிச்சம், கண்ணுக்குத் தெரியாமல் உடம்பு 'ஊடே மூச்சுவிட்டதால்' போயிருக்க வேண்டும் என்று 1614-இல் புத்தகமே போட்டார். அறிவியல் சொல்லாகத் திரிந்துகொண்டிருந்த 'பர்ஸ்பயர்' பின்னாளில் நாகரிகச் சொல்லாகிவிட்டது. 'ஸ்வெட்' என்று சொன்னால் கௌரவக் குறைச்சல்! சீமான்களும் சீமாட்டிகளும் இப்போது வியர்ப்பதே இல்லை, 'பர்ஸ்பயர்' மட்டும்தான் ஆகிறார்கள் என்கிற மாதிரி 1791-லேயே ஒரு லண்டன் பத்திரிகை கிண்டல் செய்திருக்கிறது.

இவற்றையெல்லாம் விடச் சுவாரசியமான பிள்ளை 'ஸ்பிரிட்'. ஸ்பிராரே வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் 'ஸ்பிரிட்டுஸ்'. மூச்சு, காற்று, ஆன்மா எல்லாவற்றுக்கும் அதே சொல். இன்றைய ஆங்கிலத்திலோ ஸ்பிரிட் என்றால் ஆன்மா, பேய், மன உறுதி, குழு உணர்வு, மதுபானம், ஊசி போடுவதற்கு முன் கையில் தடவுகிற ஜில்லென்ற திரவம்! இத்தனையும் எப்படி ஒரே சொல்லில் என்று ஆங்கிலக் குழந்தை திகைக்கும். தமிழ்க் குழந்தை திகைக்க வேண்டியதில்லை, 'ஆவி' என்ற சொல்லைத் தெரிந்திருந்தால் போதும். இட்லி வேகிறதும் ஆவியில். சளி பிடித்தால் முகத்துக்குப் பிடிக்கிறதும் ஆவி. உடலை விட்டுப் பிரிகிறதும் ஆவி. புளியமரத்தில் உட்கார்ந்திருப்பதாகப் பாட்டி சொல்கிறதும் ஆவி. கிறிஸ்தவர்கள் தொழுகிறதும் தூய ஆவி. பழைய ரசவாதிகள் ஒரு திரவத்தைக் காய்ச்சும்போது மேலே எழுந்து, குளிர்ந்து, வடிந்து வந்ததை அதன் 'ஸ்பிரிட்' என்றார்கள். அதாவது, அதன் ஆவி. மதுபானத்துக்கும் மருத்துவமனைத் திரவத்துக்கும் பெயர் வந்த வழி அதுதான்.

இந்த லத்தீன் சொல் ஆங்கிலத்தை எதிர்பார்த்துக்கொண்டு தமிழுக்கு வெளியே காத்திருக்கவும் இல்லை. ஆங்கிலேயருக்கு முன்பே போர்த்துக்கீசியப் பாதிரிமார் வழியாக உள்ளே வந்துவிட்டது. பழைய தமிழ்க் கத்தோலிக்க வேண்டுதல்களில் பிதா, சுதனுக்கு அடுத்து வருகிற 'இஸ்பிரீத்து சாந்து' யார்? அதே ஸ்பிரிட்தான், போர்த்துக்கீசிய உடையில். பிறகு அந்த இடத்தில் 'ஆவி' வந்து உட்கார்ந்தது. மொழிபெயர்த்தவர்கள் வெகு பொருத்தமான சொல்லைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலச் சொற்பட்டியலுக்கு முன்னால் கூனிக்குறுகி உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. இந்தச் சொற்கள் ஆங்கிலத்துக்கும் சொந்தச் சரக்கு அல்ல. பிரெஞ்சு வழியாகவும் நேராகவும் லத்தீனிலிருந்து இறக்குமதி ஆனவை. லண்டனில் பிறந்த குழந்தைக்கும் 'கன்ஸ்பயர்' என்பதற்குள் மூச்சு இருப்பது யாராவது சொல்லித்தான் தெரியும். ஆங்கிலத்தின் வீட்டுச் சொல் 'பிரெத்'. அதுவும் பழைய ஆங்கிலத்தில் வாசனை, நாற்றம், ஆவி என்ற பொருளில்தான் இருந்தது. மூச்சுக்கு அப்போது அவர்கள் வைத்திருந்தது வேறொரு சொல். அது இப்போது ஆங்கிலத்தில் வழக்கொழிந்துவிட்டது. ஆனால் அதன் பங்காளி ஜெர்மன் மொழியில் 'ஆட்டெம்' என்று இன்றும் மூச்சுக்குப் பெயராக இருக்கிறது. இன்னொரு பங்காளி, சமஸ்கிருதத்தில் ஆன்மாவுக்கான 'ஆத்மன்'. தமிழில் ஆத்மா என்று சொல்கிறோம் என்றால், ஆங்கிலேயர் தொலைத்துவிட்ட மூச்சைத்தான் சொல்கிறோம்!

இன்னும் ஒன்று. 'பிராணி' என்றால் பிராணன் உடையது, மூச்சுள்ளது. 'அனிமல்' என்றால்? லத்தீனில் 'அனிமா' என்பது மூச்சு, உயிர். அது உடையது அனிமல். பிராணனில் இருக்கும் 'அன்' என்ற வேரும் அனிமாவின் வேரும் ஒன்றே என்பது மொழியியலாளர்கள் ஒப்புக்கொண்ட விஷயம். எனவே பிராணியும் அனிமலும் பொருளில் மட்டுமல்ல, பிறப்பிலும் உறவு. பொருளாதார மாணவர்களுக்கு ஒரு கொசுறு: கெயின்ஸ் 1936-இல் எழுதிய நூலால் புகழ்பெற்ற 'அனிமல் ஸ்பிரிட்ஸ்' என்ற தொடரை 'மிருக ஆவிகள்' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். பழைய உடலியலில் நரம்புகளில் ஓடுவதாக நம்பப்பட்ட உயிர்க்காற்றுக்கு வைத்த பெயர் அது. இரண்டு சொல்லுக்கும் அடியில் இருப்பது மூச்சுதான். மூச்சின் மூச்சு!

தமிழின் உயிர், மூச்சு இரண்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல, திராவிடச் சொற்கள். ஆனாலும் 'உயிர்த்தல்' என்றால் தமிழிலும் மூச்சு விடுதல். பெருமூச்சுக்கு 'நெட்டுயிர்ப்பு' என்று பெயர். ஹீப்ருவில் 'ருவாஹ்' என்றால் காற்று, மூச்சு, ஆவி மூன்றும். யாரும் யாரையும் காப்பியடிக்கவில்லை. செத்தவர் மூக்கில் கை வைத்துப் பார்த்த எல்லா ஊர் மனிதருக்கும் ஒன்றே தோன்றியிருக்கிறது.

சரி, அப்படியானால் அகர வரிசையைத் தூக்கிப் போட்டுவிட்டு, வேர்ச்சொல் பட்டியலை வைத்து உருப்போட வேண்டியதுதானா? பயிற்சி மையங்கள் சிலவற்றில் அதையும் செய்கிறார்கள். 'ஸ்பைர் = மூச்சு' என்று பலகையில் எழுதி, கீழே இருபது சொல்லை அடுக்கி, 'குறித்துக்கொள்ளுங்கள்' என்பார்கள். ஒரு மனப்பாடத்துக்குப் பதில் இன்னொரு மனப்பாடம். இதில் ஆபத்தும் அதிகம். தேவாலயத்தின் கூர்க் கோபுரத்துக்கு ஆங்கிலத்தில் 'ஸ்பயர்'. வானத்தை நோக்கி ஆசையோடு எழுவதால் 'அஸ்பயர்' உடன் உறவு என்று அழகாகக் கதை கட்டலாம். ஆனால் இது முளை, தண்டு என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல், உறவே இல்லை. 'ஸ்பைரல்' சுருளுக்கான சொல்லிலிருந்து வந்தது. சத்து மாத்திரையாக விற்கும் ஸ்பைருலினாவும் அப்படியே. நுண்ணோக்கியில் பார்த்தால் சுருள் சுருளாக இருக்கும். தலைவலிக்குப் போடும் ஆஸ்பிரின்? 1899-இல் பாயர் நிறுவனம் வைத்த பெயர். 'ஸ்பைரியா' என்ற செடியின் பெயரால் வழங்கிய அமிலத்தை வைத்து உண்டாக்கியது. அதுவும் சுருள் பக்கத்துச் சொந்தம்தான். ஆக, ஸ்பைர் என்று கண்டதையெல்லாம் மூச்சு என்று எழுதினால் மாத்திரைக்குக் கூட மூச்சு வந்துவிடும்.

அதை விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வேரைத் தெரிந்துகொண்டவர்களுக்கு ஒரு மிதப்பு வந்துவிடுகிறது. 'இந்தச் சொல்லின் உண்மையான பொருள் என்ன தெரியுமா?' என்று ஆரம்பித்துவிடுவார்கள். மற்றவரெல்லாம் பொய்யான பொருளில் பேசிக்கொண்டிருப்பது போல! இவர்களுக்காகவே பிறந்த சொல் 'டிரான்ஸ்பயர்'.

முதலில் அது ஆவி வெளியேறுவதைக் குறித்தது. தோல் வழியாக, இலை வழியாக. 18-ஆம் நூற்றாண்டில் ரகசியங்களுக்கும் வந்தது. மூடிய அறையில் பேசியது எப்படியோ கசிந்து வெளியே தெரிந்துவிட்டால் 'டிரான்ஸ்பயர்' ஆகிவிட்டது. சாமுவேல் ஜான்சனுக்கு இது பிடிக்கவில்லை. 1755-இல் வெளியான தன் அகராதியில் இந்தப் பொருளைக் கொடுத்துவிட்டு, தேவையே இல்லாமல் பிரான்சிலிருந்து புதிதாகக் கொண்டுவந்தது என்று ஒரு குட்டும் வைத்தார். ஊர் கேட்கவில்லை. இருபதே ஆண்டுகளில் அடுத்த படி. பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது அதிபரான ஜான் ஆடம்ஸின் மனைவி அபிகெயில் 1775-இல் எழுதிய கடிதம் ஒன்றில், புதிதாக எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல இந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார். கசிவது 'நிகழ்வது' ஆகிவிட்டது! இதற்கும் காவல்காரர்கள் வந்தார்கள். 1926-இல் ஃபௌலர் தன் ஆங்கில நடைக் கையேட்டில், 'நிகழ்' என்ற பொருளில் எழுதுவதைக் கண்டித்தார். கசிந்து தெரியவருவது மட்டும்தான் சரியாம். எது? ஜான்சன் வெளிநாட்டுக் குப்பை என்று ஒதுக்கிய அதே பொருள்! முந்தைய தலைமுறையின் பிழை அடுத்த தலைமுறையின் இலக்கணம் ஆகிவிட்டது. இன்றைய அகராதிகளில் 'நிகழ்' என்பது தயக்கமில்லாமல் இடம் பெறுகிறது.

தமிழாசிரியர்கள் இதற்கு ஒரு சொல்லைக் காட்டுவார்கள்: நாற்றம். பழைய தமிழில் நறுமணத்துக்கும் அதுவே பெயர். அதற்காக இன்று கல்யாண வீட்டில், பூச்சூடி வந்த பெண்ணைப் பார்த்து 'நல்ல நாற்றம்' என்று ஒருவர் சொல்லிப் பார்க்கட்டும். வேர்ப்பொருள்தானே என்று வாதாட அவருக்கு அவகாசம் கிடைக்காது.

இதைச் சொல்வதால் வேரைப் படிப்பது வீண் என்று ஆகிவிடாது. 1949-இல் நார்மன் லூயிஸ் எழுதிய சொல்வளப் புத்தகம் இன்றும் இந்திய நடைபாதைக் கடைகளில் விற்கிறதென்றால், அவர் சொற்களைக் குடும்பம் குடும்பமாக அறிமுகப்படுத்தியது முக்கியக் காரணம். பட்டியல் போட்டு உருப்போடுவதற்குத் தீனி போட்ட ஜி.ஆர்.ஈ. தேர்விலேயே 2011-இல் எதிர்ச்சொல் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். சொல்லை வாக்கியத்துக்குள் வைத்துத்தான் இப்போது கேட்கிறார்கள். வாக்கியத்துக்குள் வந்துவிட்டால் 'ஸ்பைர் = மூச்சு' என்ற சமன்பாடு காலை வாரும். மூச்சு எந்த வழியாகப் போய் ஆசை ஆயிற்று, சதி ஆயிற்று, நிகழ்வு ஆயிற்று என்ற கதை தெரிந்திருந்தால் கைகொடுக்கும். வகுப்பில் சொல்லித்தர வேண்டியது அந்தக் கதையை. ஏழு சொல்லுக்கு முக்கால் மணி நேரம் போதும். 'நேரமில்லை' என்று சொல்கிற மையங்கள் அதே ஏழு சொல்லை ஏழு நாளில் ஏழு முறை எழுத வைக்கின்றன.

செடிகளுக்கும் அந்தக் கதையில் பங்குண்டு. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1724-இல் ஒரு சூரியகாந்திச் செடி இருந்த தொட்டியின் வாயை மூடி, நாளும் எடை போட்டு, இலை வழியாக எவ்வளவு நீர் போகிறது என்று பார்த்தார். 1727-இல் வந்த அவர் புத்தகத்தில் செடிகள் 'பர்ஸ்பயர்' ஆகின்றன, மனிதர்கள் வியர்ப்பது போலவே! இன்று அதே வேலைக்கு 'டிரான்ஸ்பிரேஷன்' என்று பெயர். தமிழ்நாட்டுப் பாடநூலில் அது 'நீராவிப்போக்கு'. தெளிவான சொல், என்ன நடக்கிறது என்று படித்தவுடன் புரியும். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் அதற்கு வேறு சொல்: 'ஆவியுயிர்ப்பு'. ஆவியாக உயிர்ப்பது, அதாவது ஆவியாக மூச்சு விடுவது. யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பிள்ளை லத்தீன் ஓர் எழுத்துக்கூடத் தெரியாமலே ஸ்பிராரேயைத் தமிழில் எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டிருக்கிறது.